கமாண்டரும் கட்டுமாவடி பஸ்ஸும்

செய்தித்தாளில் வேலை பார்த்த காலத்தில் கேள்வி கேட்பது என் வேலை. இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு அலுவலராக உட்கார்ந்து, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சமாளிப்பது வேலை. சம்பளம் இரண்டாவதற்குத்தான் கூடுதல்.

புது மேலதிகாரி வந்து இறங்கிய இடத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது தனியாக விளங்க வைக்க வேண்டியதில்லை. வங்கியானாலும் வட்டாட்சியர் அலுவலகமானாலும், ஆள் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய பயம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். எங்களுக்குத் துணைவேந்தராக வந்தவர் கடற்படையின் சிறப்புப் படையில் கமாண்டராக இருந்தவர். வெள்ளைச் சீருடையில் கப்பல் மேல்தளத்தில் நிற்கிற ரகமல்ல. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, தண்ணீருக்கடியில் நீந்திப் போய்க் காரியத்தை முடிக்கிற ரகம். ஓய்வு பெற்றபின் வடக்கே ஒரு கல்வி நிறுவனத்தை நடத்திவிட்டு, அறந்தாங்கி சாலையில் இருக்கும் எங்களிடம் வந்தார். எங்கள் பக்கத்தில் கமாண்டர் என்றால் ஆள் ஏற்றிப் போகும் ஜீப். "கமாண்டர் வருது" என்று யாரோ சொன்னதை நம்பி, வாசல் காவலாளி புளியமரத்தடியில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவரை எதற்குக் கொண்டுவந்தார்கள்? கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: கட்டுமாவடி பஸ்ஸை நிறுத்த. கட்டுமாவடிக் கரையோரத்து மீனவர் வீட்டு மாணவிகளை ஏற்றி வரும் எங்கள் பஸ் அது. பாதி காலியாக வருகிறது என்பது நிர்வாகம் வெளியே சொன்ன காரணம். மீன் வாடை அடிக்கிறது என்று வேறு சில பெற்றோர் முறையிட்டது சொல்லாத காரணம். பஸ் நின்றால், பஸ் மாறி பஸ் ஏறிப் படித்துவர வீட்டில் அனுப்பமாட்டார்கள். படிப்பு அன்றோடு நிற்கும். அதில் வரும் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி ஜெனிட்டா என் அறை வாசலில் வந்து நின்று, பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேப்பர்ல இருந்தவுகன்னு சொன்னாங்க. பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுனீங்களா சார்?"

வாழ்க்கைக் குறிப்பு

முதல் வாரம் கமாண்டரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதப் போனேன். விழா அழைப்பிதழ், செய்திக் குறிப்பு, இணையதளம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எதிரில் உட்காரச் சொன்னார். தமிழ் பேசினார், வடக்கே வளர்ந்தவர் பேசும் தமிழ், சொற்களை ரேஷனில் வாங்கியது போல.

"எப்ப சார் படையில சேர்ந்தீங்க?"

"சின்ன வயசுல."

"எங்கெங்க இருந்தீங்க?"

"கடல்ல."

"எந்தக் கடல்னு போட்டுக்கலாம் சார்?"

"உப்புக் கடல்."

முகத்தில் சிரிப்பில்லை. பதக்கம் ஏதாவது உண்டா என்றேன். ஒன்று இருக்கிறது என்றார். எதற்காகக் கொடுத்தார்கள் என்றேன். "அதைச் சொன்னா திருப்பி வாங்கிக்குவாங்க" என்றார். என் அனுபவத்தில் இப்படிப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, சொல்ல எதுவுமே இல்லாதவர்கள். மற்றது, சொன்னால் நமக்குத் தூக்கம் போய்விடும் என்பவர்கள். இவர் எந்த வகை என்று பிடிபடவில்லை. பெயர், படம், 'கடற்படையின் சிறப்புப் படையில் பணியாற்றியவர்', 'கல்வி நிர்வாகத்தில் அனுபவம் மிக்கவர்' என்று எழுதி அச்சகத்துக்குக் கொண்டு போனேன். கணினியில் உட்கார்ந்திருந்தவர் படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், கண்ணீர் அஞ்சலி மாதிரி ரெண்டே வரி இருக்கு? ஆள் உசுரோடதானே இருக்காரு?"

இலைக்கட்டு

ஒருநாள் காலை, கைலியும் தலைத்துண்டுமாக ஓர் ஆள் தோளில் வாழையிலைக் கட்டோடு விடுதி மெஸ்ஸின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கீரமங்கலத்திலிருந்து இலை வருவது வழக்கம் என்பதால் காவலாளி பீடியைக்கூட மறைக்கவில்லை. அந்த ஆள் மெஸ்ஸில் நிற்கவில்லை. நூலகத்துக்குள் போனார், ஆய்வகங்களைச் சுற்றினார், கடைசியில் தேர்வுப் பிரிவுக்கே போய், வினாத்தாள் பூட்டி வைக்கும் அறை வாசலில் நின்றார். கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் தலை நிமிராமலே, "யோவ், எலையை இங்க எதுக்குய்யா கொண்டாந்த? அங்கிட்டு மெஸ்ஸுக்குக் கொண்டு போ" என்றார். ஆள் "சரிங்க" என்று திரும்பினார்.

அன்று காலையே எல்லோரையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடை மேசையில் இலைக்கட்டு. பக்கத்தில் கமாண்டர், இஸ்திரி போட்ட சட்டையில். "கேம்பஸ் முழுக்கச் சுத்தினேன். ஒருத்தர்தான் என்னை நிறுத்தினார். அவரும் வழி சொல்லி அனுப்பினார்" என்றார். கண்காணிப்பாளர் முன்வரிசை நாற்காலியிலேயே கரைந்து போகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வளாகத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. பால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மின்வாரிய ஊழியர் என எவர் முகத்தையும் உற்றுப் பார்த்தார்கள். மறுநாள் கீரமங்கலத்து இலை வியாபாரி கருப்பையா வழக்கம்போல வந்தபோது காவலாளிகள் முதலில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்கள். பிறகு சந்தேகம் வந்து, தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள். பிறகு அடையாள அட்டை கேட்டார்கள். கருப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யா, நான் நெசமாவே எலைக்காரன்தாங்க. வேணும்னா ஒரு எலையை விரிச்சுச் சாப்பிட்டுப் பாத்துக்கங்க."

கடைசியாக ஏறியவர்

துறைத் தலைவர்களையும் பிரிவு அலுவலர்களையும் ஒரு சனிக்கிழமை நார்த்தாமலைக்கு அழைத்துப் போனார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா. மலை ஏறலாம்" என்றார். 'சும்மா' என்ற சொல்லை அதற்குமுன் யாரும் இவ்வளவு ஆராய்ந்திருக்க மாட்டார்கள். பொருளியல் துறைத் தலைவர் இது ஆட்குறைப்புக்கான உடல்தகுதித் தேர்வு என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர் காலில் அன்றைக்குத்தான் வாங்கிய ஷூ. ஆங்கிலத் துறைத் தலைவர் உடம்பு லேசாக இருக்கட்டும் என்று சாப்பிடாமல் வந்திருந்தார். வெயில் ஏறாத பாறையில், படித்த மனிதர்கள் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலை நோக்கி ஒருவரை ஒருவர் முழங்கையால் தள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

மேலே போய்ப் பார்த்தால் கமாண்டரைக் காணோம். பாதி வழியில், போக்குவரத்து அலுவலர் செல்லத்துரை மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார்; பெரிய உடம்பு, மூட்டுவலி வேறு. கமாண்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். செல்லத்துரை ஒரு சிறுகல்லால் பாறையில் கோடு கிழித்து எதையோ காட்டுவது தெரிந்தது. கோயிலை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கும்போது செல்லத்துரையை ஓரங்கட்டிக் கேட்டேன். "கட்டுமாவடி பஸ் எந்த வழியா வரும், எங்கெங்க நிக்கும்னு கேட்டாரு. வாயால சொல்ல மூச்சு வரல, வரைஞ்சு காமிச்சேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பொருளியல் துறைத் தலைவர் புது ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குதிகால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உசுரைக் குடுத்து மேல ஏறி என்னய்யா பிரயோசனம்? கடைசியா வந்தவன் தனியாப் பேசிட்டான் பாரு."

ஒரே ஒரு சொல்

அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தேவிட்டது. கமாண்டர் கணக்குக் கேட்க, செல்லத்துரை எழுந்து பாதை, நிறுத்தங்கள், காலி இருக்கைகள் எல்லாம் ஒப்பித்தார். கமாண்டர் கேட்டு முடித்துவிட்டு, "கட்டுமாவடி பஸ். செக்யூர் பண்ணிடுங்க" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்த செல்லத்துரைக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தீங்களா? நாமதான் மனுசனைத் தப்பா நினைச்சுட்டோம். நிறுத்த வந்தவரா இருந்தா பாதுகாப்பு பண்ணச் சொல்லுவாரா?" என்றார். அன்றே வெல்டரைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி ஏறியது. கதவுக்குத் தாழ்ப்பாள், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, முன் இருக்கையில் லத்தியோடு ஒரு காவலர். இலைக்கட்டு விவகாரத்துக்குப் பிறகு இதில் எதையும் அளவுக்கு மிஞ்சியது என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஜெனிட்டா என் அறைக்கு வந்து இரண்டு மிட்டாய் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மட்டும் நெருடியது. பஸ்ஸைக் காப்பாற்ற நினைக்கிறவர் எதற்குக் காலி இருக்கையைக் கேட்க வேண்டும்?

பஸ் அந்தக் கோலத்தில் அறந்தாங்கியில் வந்து நின்றபோது, டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர் கம்பிகளுக்குப் பின்னால் இருந்த முகங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, காவலரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

"என்ன கேசுங்க? எல்லாம் பொம்பளப் புள்ளைகளா இருக்கு?"

முருகேசன் சிரிக்கவில்லை

இந்தக் கதையை என்னோடு பள்ளியில் படித்த முருகேசனிடம் சொல்லிச் சிரித்தேன். கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்று, அறந்தாங்கியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். அவன் சிரிக்கவில்லை. "என்ன சொன்னாரு? திருப்பிச் சொல்லு" என்றான். சொன்னேன்.

"டேய், எங்க பாசையில செக்யூர்னா பாதுகாக்கறது இல்லடா. வேலையை நிறுத்து, சாமானை எடுத்து வை, லைட்டை அணைச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தம். சாயங்காலம் 'செக்யூர்'னு சொன்னாத்தான் நாங்க வேலையையே விடுவோம்."

செய்தித்தாளில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், சந்தேகம் வந்தால் ஆளிடமே நேராகக் கேட்பது. இங்கே கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் பஸ் நிற்கும். கேட்காமல் விட்டால் பஸ் ஓடும். ஆனால் தெரிந்தே மறைத்தான் என்று என் வேலை போகலாம். அப்போதைக்கு வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன். முருகேசன் ஒரு ஒயர் சுருளைச் சுற்றியபடியே சொன்னான்.

"அந்தாளு பஸ்ஸை நிறுத்தச் சொல்லிருக்காரு. நீங்க அதுக்குக் கம்பி கட்டி ஊர்வலம் விடுறீங்க. அவரு கண்ணுல படாமப் பாத்துக்க, அம்புட்டுதான்."

எண்ண வந்தவர்கள்

படாமல் இருக்குமா? ஒரு மதியம் கமாண்டர் என்னோடு நடந்து வரும்போது பஸ் நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டார். "இது எந்த பஸ்?" "கட்டுமாவடி, சார்." "இன்னும் ஏன் ஓடுது?" அவரிடம் பொய் எடுபடாது என்று தோன்றியது. "நீங்க செக்யூர் பண்ணச் சொன்னீங்க. பண்ணிட்டாங்க" என்றேன். அவர் பஸ்ஸைச் சுற்றி வந்தார். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குக் காலையில நீங்களும் நானும் அங்க போறோம்" என்றார். முடிக்காமல் விட்ட வேலையை நேரில் முடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

கட்டுமாவடி போய்ச் சேர்ந்தபோது படகுகள் கரைக்கு வந்திருந்தன, ஏலம் நடந்துகொண்டிருந்தது, பஸ் தெருமுனையில் நின்றிருந்தது. அவர் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனாலும் அந்த நிற்கிற தோரணையையும் முடிவெட்டையும் பார்த்து, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீன் கூடையோடு ஓர் அம்மா நேரே எங்களிடம் வந்தார். ஜெனிட்டாவின் தாய் ரோஸம்மா.

"யாருங்க நீங்க? பாத்தா நேவிக்காரவுக மாரி இருக்கு."

"இருந்தேன். இப்ப இல்ல."

"இருந்தவுகளுக்கு இங்க என்ன சோலி?"

"காலேஜ் பஸ்ல எத்தனை பிள்ளைங்க ஏறுறாங்கன்னு பாக்க வந்தேன்."

ரோஸம்மா ஒரு கணம்தான் யோசித்தார். திரும்பித் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார்: "ஏ, ஆள் எண்ண வந்திருக்காகடி! எல்லாரும் ஏறுங்க!" அவ்வளவுதான். பல்லை விளக்கிக்கொண்டிருந்த புதுப்பெண், அறந்தாங்கிக்கு மீன் கொண்டு போகிறவர்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி என ஒரு கூட்டமே பஸ்ஸுக்குள் புகுந்தது. லத்திக் காவலர் குறுக்கே கையை நீட்டிப் பார்த்தார்; அவர் மடியில் ஒரு கூடையை வைத்துவிட்டார்கள். கமாண்டரும் நானும் நடு இருக்கையில் நசுங்கினோம். அவர் சட்டையில் மீன் தண்ணீர் சொட்டியது. ரோஸம்மா கம்பிக்கு வெளியே வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "நேவிக்காரவுக வந்தா போட்டை எண்ணுவாக. நீங்க புள்ளைகளை எண்ணுறீக. எண்ணி முடிச்சப்பறம் ரெண்டுமே எங்க கையில மிஞ்சுறதில்ல."

அறந்தாங்கி வந்ததும் மீன்கூடைகளும் குழந்தையும் புதுப்பெண்ணும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். பஸ் பழையபடி பாதி காலியானது. வாடை மட்டும் இறங்கவில்லை. ஜெனிட்டா எழுந்து, கம்பியைப் பிடித்தபடி எங்கள் இருக்கைக்கு வந்தாள்.

"இறங்கிப் போனவுக யாரும் காலேஜ் இல்ல சார். அம்மா பயத்துல ஏத்தி விட்டாங்க. நாங்க இம்புட்டுப் பேர்தான். இப்ப எண்ணிக்கங்க."

தாளாளர் அறையில்

சில நாட்களில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய குடும்பத்துக்காரர். கடைசி வார்த்தை அவருடையது. கமாண்டர், செல்லத்துரை, நான் மூவரும் போய் நின்றோம். பத்திரிகைக்காரர்கள் விசாரித்தால் என்ன சொல்வது என்று எனக்குச் சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'மாணவிகளின் நலன் கருதி' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை நானே மனதில் தயாரித்தும் வைத்திருந்தேன். செல்லத்துரை, வெல்டிங் செலவு தன் தலையில் விழும் என்ற பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன கமாண்டர், அந்த பஸ் விஷயம் முடிஞ்சுதா? உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் தாளாளர்.

"முடிச்சுடலாம் சார். ஆனா நேர்ல போய்ச் சொல்லணும்."

"ஒரு சர்க்குலர் போட்டாப் போச்சு."

"எங்க டீம்ல ஒரு ஆள் திரும்பி வரலேன்னா, அவன் வீட்டுக்கு சர்க்குலர் அனுப்பறதில்லை. கமாண்டர் போய்க் கதவைத் தட்டணும். நான் தட்டியிருக்கேன்."

அவர் தன் பணியைப் பற்றித் தானாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். எந்த ஊர், எத்தனை கதவு என்று கேட்க எனக்கே தோன்றவில்லை. அவர் அதே குரலில் தொடர்ந்தார்.

"இங்க உத்தரவு உங்களோடது. அதனால நீங்க தட்டுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். சாயங்காலம் பிள்ளைங்களோட அதே பஸ்ல போவோம். ராத்திரி அங்க தங்கிட்டு, எல்லா வீட்டுலயும் சொல்லிட்டு, காலையில அதே பஸ்ல வந்துடலாம்."

இது இரக்கமா, எதிராளியைக் கரைக்கு இழுத்து வந்து மடக்கும் படைத் தந்திரமா என்று அவர் முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மேசை மேலிருந்த காரின் சாவியை எடுத்து மறுபடி வைத்தார். பிறகு, யாரோ தன்னை அநியாயமாக வேலை வாங்கப் பார்க்கிறார்கள் என்ற வருத்தத்தோடு சொன்னார்.

"அம்புட்டுத் தூரம், அதுவும் அந்த பஸ்ல, யாரு சார் போய்ட்டு வாரது?"

கதவைத் தட்ட யாரும் போகவில்லை, பஸ்ஸை நிறுத்தச் சொன்ன உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை, ஓட்டச் சொல்லி யாரும் புது உத்தரவும் போடவில்லை என்பதால், இந்த இரண்டு பெரிய மனிதர்களையும் நம்பாமல், தினமும் காலையில் அது வாசலுக்குள் திரும்புவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கப் போகிறேன்.